பெர்செபோலிஸ்: இரண்டு பொய்களுக்கு இடையே

அரசியல் கொந்தளிப்பைப் பேசும் ஒரு படத்தை இளைஞர்களுக்குத் திரையிடும் ஆசிரியர் பெரும்பாலும் ஓர் எதிர்பார்ப்போடுதான் திரையிடுகிறார். படம் முடிந்ததும் அவர்கள் புரட்சியைப் பற்றிக் கேட்பார்கள், ஆட்சி மாற்றத்தின் காரணங்களை அலசுவார்கள், பெண்ணுரிமை குறித்து விவாதிப்பார்கள் என்பது அந்த எதிர்பார்ப்பு. மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' அதற்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. படம் முடிந்தவுடன் இளம் பார்வையாளர்கள் பேசத் தொடங்குவது பாட்டி தன் மார்க்கச்சுக்குள் வைத்துக்கொள்ளும் மல்லிகைப் பூக்களைப் பற்றி. எழுத்துப் பிழையோடு பங்க் இசைக்கு வாழ்த்துக் கூறும் வாசகத்தை முதுகில் எழுதிக்கொண்டு தெருவில் இறங்கும் சிறுமியைப் பற்றி. மனச்சோர்விலிருந்து எழுந்த கதாநாயகி சுருதி சேராமல் கத்திப் பாடும் 'ஐ ஆஃப் த டைகர்' பாடலைப் பற்றி. 1979 அதற்குப் பிறகுதான் பேச்சில் வருகிறது. சில வேளைகளில் வருவதேயில்லை.

இதைக் குறையாகக் கருதும் பழக்கம் கல்விப்புலத்தில் உண்டு. மாணவர்கள் வரலாற்றைத் தவறவிட்டு வேடிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் வருந்துவதுண்டு. அந்த வருத்தம் பொருத்தமானதா என்பதை, அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சிரிப்பை நிறுத்துகிறார்கள் என்பதைக் கவனித்த பிறகே சொல்ல முடியும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சில செய்திகள். சத்ரபி 1969இல் ஈரானில் பிறந்து டெஹ்ரானில் வளர்ந்தவர். தம் இளமைக் காலத்தை நான்கு தொகுதிகள் கொண்ட வரைகதையாகப் பிரெஞ்சு மொழியில் எழுதி வரைந்தார். அவை 2000 முதல் 2003 வரை பிரான்சில் வெளிவந்தன. வின்சென்ட் பரோனோவுடன் சேர்ந்து அவரே அதைப் படமாக்கினார். 2007ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் அது நடுவர் குழுப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மன்னராட்சியின் வீழ்ச்சி, இஸ்லாமியக் குடியரசின் தோற்றம், 1980 முதல் 1988 வரை நீடித்த ஈரான் - ஈராக் போர் ஆகியவற்றின் ஊடே ஒரு சிறுமி வளர்ந்து பெரியவளாகிறாள். பதின்வயதில் பெற்றோர் அவளை வியன்னாவுக்கு அனுப்புகிறார்கள். அவள் திரும்பி வருகிறாள். மணந்து, மணமுறிவும் பெற்று, இறுதியில் பிரான்சுக்குச் செல்கிறாள். பாரிஸ் விமான நிலையத்தில் அவள் அமர்ந்திருக்கும் நிகழ்காலத்திற்கு மட்டும் வண்ணம் உண்டு. நினைவுகள் எல்லாம் கறுப்பு வெள்ளை.

அசைவூட்டப் படம் என்பதால் அங்கே எந்த நடிகரின் முகமும் இல்லை. சில கோடுகளும் கறுப்பு நிரப்பலுமே முகங்கள். நடிகர்களைக் கொண்டு எடுத்திருந்தால் இது தொலைவில் வாழும் யாரோ சிலரின் கதையாக ஒதுக்கப்பட்டிருக்கும் என்ற கருத்தைச் சத்ரபியே நேர்காணல்களில் வெளிப்படுத்தியிருக்கிறார். அதன் விளைவைத் திரையிடல்களில் கண்கூடாகக் காணலாம். தில்லியின் ஒரு பல்கலைக்கழக விடுதியில், மெஸ் மூடிய பிறகு பொது அறையின் சுவரில் இப்படம் ஓடியபோது அங்கிருந்த முப்பது பேரில் ஈரானின் வரைபடத்தைச் சரியாக வரையத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்திருப்பார்கள். பத்து நிமிடங்களுக்குள் எல்லோரும் அந்தச் சிறுமியை அவள் வீட்டார் அழைப்பதுபோல் 'மர்ஜி' என்றே குறிப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்கள் வாய்விட்டுச் சிரித்த காட்சிகளுள் முதன்மையானது ஒலிநாடாக் காட்சி. மேற்கத்திய இசை தடைசெய்யப்பட்ட டெஹ்ரானில், நீண்ட மேலங்கி அணிந்த ஆடவர்கள் தெருவோரம் நின்று பாடகர்களின் பெயர்களைப் போதைப்பொருள் விற்பவர்களைப் போல முணுமுணுக்கிறார்கள். அவற்றுள் ஒரு பெயர் முதலெழுத்துகள் இடம் மாறி 'ஜைக்கேல் மாக்சன்' என்று வருகிறது. மர்ஜி ஓர் அயர்ன் மெய்டன் ஒலிநாடாவை வாங்கிக்கொண்டு நடக்கிறாள். கறுப்பு அங்கி போர்த்திய இரண்டு பெண் காவலர்கள் அவளை வழிமறித்து, காலணியையும் மேலங்கியையும் குறித்து அதட்டுகிறார்கள்; குழுவின் அலுவலகத்திற்கு இழுத்துச் செல்லப்போவதாக மிரட்டுகிறார்கள். சிறுமி உடனே அழத் தொடங்குகிறாள். தன் தாய் இறந்துவிட்டதாகவும், சிற்றன்னை கொடுமைக்காரி என்றும், செய்தி வீட்டுக்குத் தெரிந்தால் தன்னைச் சூடு வைத்துவிடுவாள் என்றும் ஒரு கதையைக் கட்டுகிறாள். காவலர்கள் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த ஒலிநாடாவை ஓடவிட்டுத் துள்ளிக் குதிக்கிறாள். விடுதி அறையிலும் கைதட்டல் எழுந்தது.

இந்தக் கைதட்டலை அரசியலற்றது என்று சொல்வதற்கில்லை. விதிகள் மிகுந்த இடங்களில் வளர்ந்த எவருக்கும் இந்தப் பொய் பழக்கமானது. விடுதிக் காப்பாளரிடம் சொல்லப்படும் காய்ச்சல், வீட்டில் சொல்லப்படும் 'ஸ்பெஷல் கிளாஸ்', கைப்பேசியில் வேறு பெயரில் சேமிக்கப்படும் எண் ஆகியவை அந்த அறையிலிருந்த பலரின் கையிருப்பு. அதிகாரத்தைக் கோட்பாடாகக் கற்கும் முன்பே, பொய் சொல்லித் தப்பிக்கும் கலையின் வழியாக அவர்கள் அதை அறிந்திருக்கிறார்கள். ஆட்சி மாறியதன் காரணங்களை அவர்களால் வரிசைப்படுத்த முடியாமல் இருக்கலாம். ஒரு ஜோடிக் காலணி குற்றமாகும் உலகம் எப்படி இயங்கும் என்பதை அவர்கள் உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து அவர்களைத் தொட்டது வியன்னா. அங்கே ஒரு விருந்தில், எந்த நாட்டவள் என்று கேட்பவனிடம் மர்ஜான் தன்னைப் பிரெஞ்சுக்காரி என்று சொல்லிக்கொள்கிறாள். சொன்ன பிறகு வெட்கம் அவளைத் துரத்துகிறது; ஊரில் இருக்கும் பாட்டியின் குரல் உள்ளே கேட்கிறது. இந்த இடத்தில் எவரும் சிரிக்கவில்லை. சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர், தில்லிக்கு வந்து நான்கு ஆண்டுகளாக எல்லோரிடமும் தம் ஊர் மதுரை என்றே சொல்லி வருவதாகப் பிறகு சொன்னார். மதுரை என்றால் கேட்பவர் தலையசைத்துவிடுவார். ஊரின் உண்மையான பெயரைச் சொன்னால் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். சில கேள்விகள் சாதியில் போய் முடியும்.

படத்தின் திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. டெஹ்ரானுக்குத் திரும்பி ஓவியம் பயிலும் மர்ஜான், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு காதலனுக்காகத் தெருவில் காத்திருக்கிறாள். ஒழுக்கக் காவலர்களின் வண்டி வருகிறது. பிடிபட்டால் கைது. அருகில் ஒரு மனிதர் தம் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். மர்ஜான் காவலர்களிடம் தானாகவே போய், அந்த ஆள் தன்னிடம் தகாத முறையில் பேசியதாகக் குற்றஞ்சாட்டுகிறாள். அவர்கள் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவள் தப்பித்துவிடுகிறாள். இதை ஒரு வேடிக்கைக் கதையாகப் பாட்டியிடம் சொல்கிறாள். பாட்டி சிரிக்கவில்லை. சிறையில் கிடந்த தாத்தாவையும் கொல்லப்பட்ட சித்தப்பாவையும் நினைவூட்டிக் கடுஞ்சினத்தோடு அவளை ஏசுகிறாள்.

ஒலிநாடாக் காட்சியில் கைதட்டிய அதே அறை இங்கே அமைதியாகிவிட்டது. பார்வையாளர்கள் கைதட்டி வளர்த்த திறமைதான் இப்போது வேறொருவரை வண்டியில் ஏற்றியிருக்கிறது. முதல் பொய்யில் பழி, இல்லாத ஒரு சிற்றன்னையின் மீது விழுந்தது. இரண்டாவது பொய்யில் அது உயிருள்ள ஒரு மனிதர் மீது விழுகிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டுகளின் அச்சம் இருக்கிறது. அடக்குமுறை தன் குடிமக்களுக்கு முதலில் பொய் சொல்லப் பழக்குகிறது. பிறகு ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவும் பழக்கிவிடுகிறது என்பதை எந்த விளக்கவுரையும் இன்றி இந்த இரண்டு காட்சிகளின் வரிசை சொல்லிவிடுகிறது. பின்னர் மர்ஜான் தன் கல்லூரிக் கூட்டத்தில் எழுந்து, பெண்களுக்கு மட்டும் விதிக்கப்படும் உடைக் கட்டுப்பாட்டைத் தட்டிக் கேட்கிறாள். பாட்டியின் ஏச்சு அந்தத் துணிவுக்கு முன்னே நிற்கிறது.

படம் முடிந்த பிறகு நடந்த விவாதம் பெரும்பாலும் இந்தக் காட்சியைச் சுற்றியே இருந்தது. சட்டம் பயிலும் ஒருவர், அச்சுறுத்திய அரசே குற்றவாளி என்றும் அச்சத்தில் செய்ததற்கு அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்றும் வாதிட்டார். மற்றொரு மாணவி, பொய் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு, ஒருவரைக் கைகாட்டும் உரிமை இல்லை என்று கோடு கிழித்தார். அப்போதுதான் ஒருவர் தம் பள்ளிக்கூடத்தை நினைவுகூர்ந்தார். ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவனை நிறுத்தி, பேசுபவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதச் சொல்வது இந்தியா முழுவதும் உள்ள வழக்கம். தம் பெயர் விழாமல் இருக்க எத்தனை பேரின் பெயர்களைத் தாம் எழுதியிருக்கிறோம் என்பது அவருடைய கேள்வி. அறையில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த ஒப்பீட்டுக்கு உடனே மறுப்பும் எழுந்தது. கரும்பலகையில் பெயர் விழுந்தவனுக்குக் கிடைப்பது இரண்டு பிரம்படி. டெஹ்ரானில் வண்டியில் ஏற்றப்பட்டவருக்கு என்ன நேரும் என்பதைப் பள்ளிக்கூடக் கதையால் அளந்துவிட முடியாது என்றார் மேற்காசிய அரசியல் பயிலும் மாணவி ஒருவர். 2022 செப்டம்பர் 16 அன்று மஹ்சா அமினி, தலையங்கியைச் சரியாக அணியவில்லை என்று ஒழுக்கக் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்ட பின்னர் உயிரிழந்ததையும், அதைத் தொடர்ந்து ஈரானின் பள்ளி மாணவிகள் தலையங்கிகளைக் கழற்றி வீதிக்கு வந்ததையும் அவர் நினைவூட்டினார். அந்த நிகழ்வுக்குப் பிறகு இப்படத்தைப் பார்ப்பவர்களுக்குக் காவலர்களின் வண்டி பழங்காலத்துப் பொருளாகத் தெரிய வாய்ப்பில்லை. 'இது எங்கள் கதை போலவே இருக்கிறது' என்ற நெருக்கம் படத்திற்குள் நுழைய உதவுகிறது. நுழைந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் ஈரான் மறைந்துபோகும். அந்த மாணவியின் மறுப்பு இந்த வகையில் அன்றைய விவாதத்தின் மிக மதிப்புள்ள பகுதி.

இளையவர்கள் இப்படி நின்று விவாதிக்கும் இடம் ஒன்றாக இருக்க, பெரியவர்கள் இப்படைப்பைக் கண்டு அஞ்சிய இடங்கள் வேறாக இருந்திருக்கின்றன. சர்வாதிகாரியைத் துரத்தி ஓராண்டுகூட நிறைவடையாத துனீசியாவில், 2011 அக்டோபர் 7 அன்று நெஸ்மா தொலைக்காட்சி இப்படத்தை ஒளிபரப்பியது. அரசியல் நிர்ணய சபைத் தேர்தலுக்கு இரண்டு வாரங்களே இருந்தன. சிறுமி மர்ஜி கடவுளோடு உரையாடும் காட்சிகளில் வெண்தாடியுடன் கடவுளின் உருவம் வரையப்பட்டிருந்தது பலரைப் புண்படுத்தியது. அலைவரிசையின் அலுவலகம் தாக்குதலுக்கு உள்ளானது. பின்னர் அதன் உரிமையாளர் நபில் கரூயியின் வீடும் தாக்கப்பட்டது. வழக்கு நடந்து, 2012 மே 3 அன்று, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளில், அவருக்கு 2400 தினார் அபராதம் விதிக்கப்பட்டது. அமெரிக்காவின் சிகாகோவில் 2013 மார்ச் மாதம் பொதுப் பள்ளி நிர்வாகம் வரைகதை நூலை வகுப்பறைகளிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. சித்திரவதையைக் காட்டும் சில படங்கள் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல என்பது சொல்லப்பட்ட காரணம். மாணவர்களே பள்ளிக்கு வெளியே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

துனீசிய ஒளிபரப்பில் மொழியியலாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. படம் செவ்வியல் அரபியில் அல்லாமல் துனீசியாவின் பேச்சு வழக்கில் குரல்மாற்றம் செய்யப்பட்டிருந்தது. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் முதன்மை எடுத்துக்காட்டுகளில் ஒன்று அரபி. வழிபாட்டுக்கும் எழுத்துக்கும் ஒரு வழக்கு, அடுப்படிக்கும் தெருவுக்கும் இன்னொரு வழக்கு என்று பிரிந்து கிடக்கும் சமூகத்தில், கடவுளோடு ஒரு குழந்தை தெருமொழியில் கோபித்துக்கொள்வது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலாக நின்றுவிடாது. பிரெஞ்சில் கேட்டபோது அயலார் வீட்டுப் பிள்ளையாக இருந்த மர்ஜி, அன்றிரவு துனிஸ் நகரின் வரவேற்பறைகளில் சொந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். சினத்தின் ஒரு பகுதியாவது அந்த நெருக்கத்தால் வந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

தமிழும் இரட்டை வழக்கு மொழிதான். இந்தச் சிக்கல் விடுதி அறைக்குள்ளேயே விரைவில் வந்து சேர்ந்தது. சிவகங்கை மாணவர், மேல்நிலை இரண்டாம் ஆண்டு படிக்கும் தம் தங்கைக்கு இப்படத்தைக் காட்ட விரும்பினார். ஆங்கில உரைவரிகளை விரட்டிப் படிப்பது அவளுக்குக் கடினம். எனவே நண்பர் ஒருவரின் துணையோடு தாமே தமிழ் உரைவரிகள் எழுத அமர்ந்தார். முதல் சிக்கல் உறவுச் சொற்களில் எழுந்தது. பிரெஞ்சில் 'ஒங்க்கிள்' என்ற ஒரே சொல் போதும். தமிழில் அனூஷ் யார்? தந்தையின் உடன்பிறந்தவர் என்பதால் மாமா ஆக முடியாது. தந்தைக்கு மூத்தவரா இளையவரா என்று முடிவு செய்யாமல் தமிழில் ஒரு வரியும் நகராது. சித்தப்பா என்று வைத்துக்கொண்டார்கள். பாட்டி தாய்வழிப் பாட்டி. சிவகங்கை வழக்கில் அவள் அம்மாச்சி. அந்தச் சொல்லை எழுதியதும் மல்லிகைப் பூ, குறும்புப் பேச்சு, கறாரான அறிவுரை எல்லாம் ஒரே ஆளிடம் பொருந்தி அமர்ந்ததாக அவர் சொன்னார்.

கடினமான சொல் இரண்டாம் பொய்க்குப் பிறகு வந்தது. அங்கே பாட்டி பேரப்பெண்ணிடம் எதிர்பார்க்கும் குணத்தை ஆங்கில உரைவரி 'இன்டெக்ரிட்டி' என்கிறது. அகராதி 'நேர்மை' என்று தருகிறது. அது தவறில்லை, ஆனால் சினந்து நிற்கும் ஓர் அம்மாச்சியின் வாயில் அது நன்னடத்தைச் சான்றிதழ் வாசகம்போல் ஒலித்தது. 'மானம்' என்று எழுதிப் பார்த்தார்கள். அதில் வேறொரு ஆபத்து இருந்தது. தெருவில் நிற்கும் காவலர்கள் காப்பதாகச் சொல்லிக்கொள்வதே பெண்ணின் மானத்தைத்தான். மர்ஜான் அந்த மனிதரைக் காட்டிக்கொடுக்கப் பயன்படுத்திய ஆயுதமும் அதுவேதான். பாட்டியும் அதே சொல்லைச் சொன்னால் படமே தலைகீழாகிவிடும். 'மனச்சாட்சி' நெருங்கி வந்தது. ஆனால் அது ஒருவருக்குள்ளேயே நின்றுவிடுகிறது, பிறருக்குச் செய்யும் தீங்கைத் தொடுவதில்லை. இரண்டு இரவுகளுக்குப் பிறகு அவர்கள் தேர்ந்தது 'யோக்கியம்'. ஊர்ப்புறத்து முதியவர்கள் ஒருவரைப் பாராட்டவும் கண்டிக்கவும் இன்றும் எடுக்கும் சொல். யோக்கியமாக நடந்துகொள் என்பதில் தன்னை மதித்தலும் அடுத்தவர் குடியைக் கெடுக்காதிருத்தலும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. வடமொழி வேர் கொண்டது என்பதால் நண்பர் தயங்கினார். தம் அம்மாச்சி எந்த வேரையும் பார்த்துப் பேசுவதில்லை என்று மாணவர் சொல்ல, சொல் நிலைத்தது.

தங்கை விடுமுறை நாளொன்றில் அண்ணனின் மடிக்கணினியில் படத்தைப் பார்த்தாள். ஒலிநாடாக் காட்சியில் அவளும் சிரித்தாள். குண்டு விழும் காட்சிகளில் திரையை உற்றுப் பார்த்தாள். முடிந்த பிறகு அண்ணன், பாட்டியைப் பிடித்திருந்ததா, கடவுள் வரும் காட்சி எப்படி இருந்தது, புரட்சி ஏன் அப்படி மாறிப்போனது என்று புரிந்ததா என ஆசிரியரைப் போல் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சுருக்கமாகத் தலையசைத்துவிட்டு அவள் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, அந்த வண்டியில ஏத்திட்டுப் போனாங்களே, அந்த ஆளு என்ன ஆனாரு?"

படத்தில் அதற்கு விடையில்லை. அந்த மனிதருக்குப் பெயரும் இல்லை. கதை மர்ஜானோடு நகர்ந்துவிடுகிறது. நினைவு அவளுடையது என்பதால் அவளுக்குத் தெரியாததைப் படமும் அறியாது.

பார்வையாளர் ஆய்வில் பழகிய வகைப்பாடுகளுக்குள் இந்தக் கேள்வியை அடைப்பது எளிதன்று. ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த மாதிரியின்படி, பார்வையாளர் ஒரு படைப்பின் முதன்மைப் பொருளை ஏற்கலாம், அதனோடு பேரம் பேசலாம், அதை எதிர்க்கலாம். சிறுமியின் கேள்வி ஏற்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. கதை விட்டுச்சென்ற ஒருவரைத் தேடிக்கொண்டு அது திரும்பி நடக்கிறது. வகுப்பறைகளில் வழங்கப்படும் வினாத்தாள்கள் எந்தப் பாத்திரத்தோடு ஒன்றிப்போனீர்கள் என்று கேட்கின்றன. யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டால், புரட்சியின் ஆண்டும் மன்னர் நாட்டை விட்டுச் சென்ற தேதியும் மறந்துபோன ஓர் இளம் பார்வையாளர் அந்த நாட்டின் அரசியலை எந்த அளவு உணர்ந்திருக்கிறார் என்பது தெரியவரும்.

அண்ணன் அன்றிரவு இணையத்தில் தேடிப் பார்த்தார். வரைகதையிலும் அந்த மனிதர் மீண்டும் வருவதில்லை. தெரியவில்லை என்று தங்கையிடம் சொன்னார். "அப்ப அந்தக்காவுக்கும் தெரியாதா?" என்று அவள் கேட்டாள். தெரியாது என்றார். அவள் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னாள்.